தொட்டால் விலை ஏறும்

சாலைக் கடைவீதியில் ஆணி, சங்கிலி, கயிறு, தார்ப்பாய் விற்கும் ஆறுமுகநயினார் நாற்பது வருடத்தில் ஒரு நல்ல பொருளைக்கூட நல்லது என்று சொல்லி வாங்கியதில்லை. வேண்டிய சரக்கை வைய வேண்டும், வேண்டாத சரக்கைப் புகழ வேண்டும் என்பது அவருடைய வேதம். ஒரு கடைக்குள் நுழைந்து எதையாவது பார்த்து 'அருமை, பிரமாதம்' என்றாரானால் அதை அவர் வாங்கப்போவதில்லை. மூலையில் கிடப்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்து, 'இந்தச் சவத்தை எவன் எடுப்பான்' என்றாரானால் அன்று விளக்கு வைப்பதற்குள் அது அவர் வீட்டுக்கு வந்துவிடும். பிடித்த சரக்கைக் கையால் தொடவும் கூடாது. தொட்டால் விலை ஏறும். விலை படியவில்லையென்றால் எழுந்து நடக்க வேண்டும், ஆனால் ஆமை நடை. மூன்று கடை தாண்டுவதற்குள் விற்கிறவன் கூப்பிடுவான். வேறு ஆள் கேட்டிருக்கிறார் என்று அவன் சொன்னால் அது பொய். அந்த வேறு ஆளை அவன் அம்மா இன்னும் பெறவே இல்லை.

இந்த வித்தையில்தான் அவர் கடினங்குளம் காயலோரத்துத் தென்னந்தோப்பை வாங்கினார். மண்ணெல்லாம் உப்பு, மரமெல்லாம் வண்டு, கொசு கோழிக்குஞ்சு அளவு என்று ஒரு மாதம் வைது வாங்கினார். வாங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. இன்னும் வைவதை நிறுத்தவில்லை. சொந்தத் தோப்பை இனி யாரிடமிருந்து மலிவாக வாங்கப்போகிறார் என்று கேட்பாரில்லை.

மகள் திவ்யலட்சுமிக்கு இந்த வித்தை எட்டிக்காய். அதற்குக் காரணம் உண்டு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நாகர்கோவிலிலிருந்து சுந்தரராமன் என்று ஒருவன் அவளைப் பெண் பார்க்க வந்தான். பாங்கில் ஆடிட் வேலை. லீவு நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். நீந்தப் போவேன் என்றாள். எனக்குத் தண்ணீரைக் கண்டால் பயம், கற்றுத்தருவீர்களா என்று கேட்டுச் சிரித்தான். கேசரி தின்ற தட்டை அவனே எடுத்து ஓரமாக வைத்தான். திவ்யாவுக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று. நயினாருக்கும் பிடித்துவிட்டது. எப்படித் தெரியும்? அவர் வைய ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு இந்த வயசிலேயே முன்மண்டை தெரிகிறதே என்றார். பாங்கு வேலையெல்லாம் இப்போது ஒரு வேலையா என்றார். உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை நீளம் என்று கேள்வி என்றார். சீர்வரிசையைப் பாதியாகக் குறைக்கப் போட்ட அச்சாரம் அது. பையனின் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவருக்குச் சாலைக் கடைவீதியின் இலக்கணம் தெரியாது. கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு திவ்யா நின்றாள். எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெண்ணே சொன்னால் விலை ஏறிவிடும் என்று வளர்த்த வீடு. வாயை மூடிக்கொண்டு நின்றாள். மூன்று நாளில் கூப்பிடுவார்கள் என்றார் நயினார். நான்காம் நாள் தரகர் வந்து, அவர்களுக்கு வேறு ஜாதகம் வந்திருக்கிறது என்றார். பொய், பேரம் பேசுகிறான் என்று நயினார் சிரித்தார். நாற்பதாம் நாள், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. பெண்ணின் பெயர் வேறு.

அதற்குப் பிறகு வந்த பையன்களையெல்லாம் நயினார் தங்கம், வைரம் என்று புகழ்ந்தார். அதன் அர்த்தம் தெரிந்த திவ்யா ஒவ்வொன்றையும் வேண்டாம் என்றாள். இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. வருகிறவர்கள் நின்றுபோய்விட்டார்கள், அவருடைய வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு.

கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது திவ்யாவுக்கு உத்தியோகம். நயினார் மகளுக்கு வேறென்ன வேலை கிடைக்கும். ஆனால் சனிக்கிழமைதோறும் அவள் பூவார் பக்கம் போய் வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஓடும் ஜெட் ஸ்கிதான். ஆனால் கோவளத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் உட்கார்ந்து ஓட்டும் ரகம் அல்ல. இதில் இருக்கை என்பதே கிடையாது. பின்பக்கம் நிற்க ஒரு பள்ளம், முன்னால் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு நீளக் கைப்பிடி, அவ்வளவுதான். நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். அசையாமல் நிற்கும்போது அதன்மேல் ஏறினால் கவிழ்த்துவிடும். தண்ணீரில் கிடந்தபடி கைப்பிடியைப் பற்றி, வயிற்றால் ஏறி, முடுக்கி, ஓட ஆரம்பித்த பிறகு முழங்காலில் எழுந்து, பிறகுதான் நிற்க முடியும். இதைக் கற்க அவள் ஒரு மழைக்காலம் முழுவதும் உப்புத்தண்ணீர் குடித்தாள்.

சொந்தமாக ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னபோது ஆபீசில் சிரித்தார்கள். அந்தக் காசுக்கு ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமே என்றார்கள், அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இருபது வருடம் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவர்கள். ஒரே ஒரு ஆள் போகிற வண்டியா என்று ஒருத்தி பரிதாபமாகக் கேட்டாள். ஆமாம், ஒரே ஒரு ஆள். திவ்யாவுக்கு அதில் பிடித்ததே அதுதான்.

வேளிக்குப் போகிற சாலையில், படகு எஞ்சின் பழுது பார்க்கும் கிரீஷ் என்பவனின் கொட்டகையில் பழைய வண்டிகள் இரண்டு நின்றன. ஒன்று சிவப்பு, ஒல்லி, பந்தயத்துக்குச் செய்தது, பார்க்க மினுமினுப்பு. தேர்ந்தவன் ஏறினால் பறக்கும், புதிதாக வாங்குகிறவர் ஏறினால் முங்கும். இன்னொன்று நீலம், அகலம், கனம், எழுபது கிலோ திவ்யாவை முகம் சுளிக்காமல் தாங்கும். முதல் வண்டி அகலமாக இருக்க வேண்டும் என்பதை அவள் விழுந்து விழுந்து தெரிந்துகொண்டிருந்தாள். போட்டோவைப் பார்த்ததுமே நீலம்தான் என்று முடிவு செய்துவிட்டாள்.

அப்பாவின் துணை வேண்டாம்தான். ஆனால் வண்டியை எங்கே வைப்பது? அவள் தனியாக இருக்கும் மூன்றாம் மாடி வாடகை வீட்டிலா? காயலில் இறக்கப் படித்துறையும் நிறுத்தி வைக்கக் கொட்டகையும் உள்ள ஒரே இடம் அந்தக் கொசுத் தோப்பு. அவரிடம் கேட்டாள். தோப்பைத் தருகிறேன், ஆனால் விலை நான்தான் பேசுவேன் என்றார் நயினார். நீ பேசினால் தலையில் மிளகாய் அரைப்பான் என்றார். நீ வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். இதை அவள் முன்பே எங்கேயோ கேட்டிருந்தாள். ஆனாலும் தலையாட்டினாள், அந்தத் தலையாட்டலுக்காகப் பிற்பாடு தன்னைத்தானே நன்றாகத் திட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை நயினார் குடையும் வேட்டியுமாகக் கிரீஷின் கொட்டகைக்குள் நுழைந்தார். நேராகச் சிவப்பு வண்டியின் முன்னால் நின்று, என்ன களை, என்ன லட்சணம் என்று உருகினார். பிறகு நீலத்தின் பக்கம் திரும்பி, செத்த எலியைப் பார்க்கிறவர்போல மூக்கைச் சுருக்கினார்.

"இந்தச் சவத்துக்கு எதுக்குடே இம்புட்டு அகலம்? எருமை குளிக்கவா?"

கிரீஷுக்கு முப்பது வயது இருக்கும். மஸ்கட்டில் படகுத்துறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வான். கேட்காத கேள்வி ஒன்று அதற்குள் ஒளிந்திருப்பது அவனுக்குத் தெரியாது. அண்ணாச்சி பறஞ்சது சரியாணு, அகலம் கூடுதல்தான் என்று பாதி மலையாளத்தில் ஒத்துக்கொண்டான். பெயின்ட் மட்டம் என்றார் நயினார். அதையும் ஒத்துக்கொண்டான். எஞ்சின் சத்தம் ஆஸ்துமாக்காரன் இருமுவதுபோல இருக்கிறது என்றபோது மட்டும் அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

இதற்குள் திவ்யாவின் கை தன்னை அறியாமல் நீல வண்டியின் கைப்பிடிமேல் போய் உட்கார்ந்திருந்தது. நயினார் பல்லைக் கடித்துக்கொண்டு, கிரீஷ் காதில் விழாமல் சொன்னார்.

"கைய எடு மக்ளே. தொட்டா வெல ஏறும்."

அவள் கையை எடுத்தாள். தீயில் பட்டதுபோல எடுத்தாள். கிரீஷ் அதையும் பார்த்தான்.

அவன் சொன்ன விலையைக் கேட்டு நயினார் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். மூன்று கடை கணக்குப் பார்க்க அந்தச் சாலையில் கடையே இல்லை. ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் சதுப்பு. ஆகவே ஒரு மின்கம்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து நிமிடம் நடந்தார். பிறகு பெட்டிக்கடையில் சாயா வாங்கி, அது ஆறிப் பச்சைத்தண்ணீர் ஆகும்வரை வைத்துக்கொண்டு நின்றார். கொட்டகைக்குள்ளிருந்து சம்மட்டிச் சத்தம் கேட்டது. கூப்பிடும் சத்தம் கேட்கவில்லை.

சனிக்கிழமை திவ்யா அப்பா வீட்டுக்கு வந்திருந்தபோது கிரீஷ் நயினாருக்குப் போன் செய்தான். சந்தோஷமாகப் பேசினான். அண்ணாச்சிக்கு இஷ்டப்பட்ட சிவப்பைத் துடைத்து, பிளக் மாற்றித் தயாராக வைத்திருக்கிறானாம். நீலத்தைப் பற்றிக் கவலை வேண்டாமாம். அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு பார்ட்டி வருகிறதாம்.

போனை வைத்துவிட்டு நயினார் தொடையைத் தட்டிச் சிரித்தார். வேறு பார்ட்டியாம் பார்ட்டி, பொய், பேரம் பேசுகிறான் என்றார். அதே சிரிப்பு, அதே வார்த்தை. நான்கு மூலையில் மஞ்சள் தடவிய அந்தப் பத்திரிகை திவ்யாவின் கண்முன்னால் வந்தது. அம்மா பகவதியம்மாள் மகள் முகத்தையே பார்த்தாள்; அவளுக்கும் அதே ஞாபகம்தான் வந்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே திவ்யா ஸ்கூட்டரை எடுத்தாள். விவரமில்லாமல் போகாதே என்று நயினார் பின்னால் ஏறிக்கொண்டார்.

வேறு பார்ட்டி பிறந்து வளர்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நீல வண்டியின்மேல் ஏறி நின்றது. அனந்த் என்று பெயர். சிமென்ட் தரையில் தள்ளுவண்டிமேல் நின்ற ஜெட் ஸ்கியில், புயலில் போகிறவன்போல முன்னால் சாய்ந்து நின்றான். மனைவி ஸ்மிதா நான்கு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தாள். எடுத்து முடித்துவிட்டு, நான் எங்கே உட்கார்வது என்று கேட்டாள். அனந்த் குனிந்து, இருக்கை எங்காவது மடக்கி வைத்திருக்கிறதா என்று தேடினான்.

நயினாருக்குக் கொண்டாட்டம். வந்திருப்பவனை விரட்ட வேண்டுமென்றால் இன்னும் உரக்க வைய வேண்டும், அவ்வளவுதானே. இது காயலில் முங்கி எடுத்த வண்டி என்றார். ஓட்டை உடைசல் என்றார். இதை விற்கிறவனுக்கு மனசாட்சி வேண்டும் என்றார்.

கிரீஷ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"முங்கினதுதான் அண்ணாச்சி. ரிசார்ட்காரங்க வெள்ளத்துல விட்டுட்டுப் போனது. எட்டு மாசம் நான் இதோட கிடந்தேன். இஷ்டமில்லாதவருக்கு இதை நான் கொடுக்கில்லா."

சொல்லிவிட்டு அனந்தைப் பார்த்து, சார் எடுக்கிறீர்களா என்று கேட்டான்.

அந்த ஒரு நொடியில் திவ்யா மறுபடியும் கதவுக்குப் பின்னால் நின்றாள். கையில் காப்பித் தட்டு, எதிரே எழுந்து போகிறவர்கள், வாய்க்குள் ஒரு வார்த்தை. ஒன்பது வருடம் அந்த வார்த்தையை முழுங்கி முழுங்கி அவளுக்கு அலுத்துவிட்டது. நடந்து போய் நீல வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"கைய எடு," என்றார் நயினார்.

"எனக்கு இது பிடிச்சிருக்கு," என்று திவ்யா கிரீஷைப் பார்த்துச் சொன்னாள். "மொதநாளே பிடிச்சுது. அகலமா இருக்கதுனாலதான் பிடிச்சுது. நீங்க சொன்ன வெலக்கே எடுத்துக்கிடுதேன்."

"வாய மூடு பிள்ளே. காரியத்தக் கெடுக்காத."

"ஒம்பது வருசத்துக்கு முந்தி வாய மூடிட்டுத்தாம்ப்பா நின்னேன். அன்னைக்கும் எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துது."

நயினாரின் வாய் திறந்தபடி நின்றது. அதற்குள்ளிருந்து வசவும் வரவில்லை, புகழ்ச்சியும் வரவில்லை. அனந்த் நல்ல மனிதன்போல இறங்கி, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றான். கலந்து பேச வேண்டிய வீடு பக்கத்திலேயே நின்று போட்டோவை யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்ததுதான் நயினாரின் நாற்பது வருட வேதத்தை நடுரோட்டில் போட்டு மிதித்தது. கிரீஷ் கொஞ்ச நேரம் திவ்யாவின் கையையே பார்த்தான். அவள் எடுக்கவில்லை. இஷ்டப்பட்டுக் கேட்டதல்லே, ஆசைப்பட்டுக் கேட்டதுதானே என்று சொல்லி, யாரும் கேட்காமலே விலையில் ஒரு பங்கைக் குறைத்தான். தள்ளுவண்டியையும் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னான். எந்தச் சரக்கையும் தொட்டு விலை இறங்கி நயினார் பார்த்ததில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஒரு வாரமும் பேசவில்லை. கடையில் ஒருவன் கயிற்றைக் குறை சொன்னபோதுகூடப் பதில் பேசாமல் அவன் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டதாகப் பகவதியம்மாள் பயந்துபோய் மகளுக்குப் போன் செய்தாள்.

அடுத்த ஞாயிறு வண்டி தோப்புக்கு வந்தது. பகவதியம்மாள் தேங்காய், எலுமிச்சம்பழம், சாமந்தி மாலையோடு வந்திருந்தாள். எலுமிச்சம்பழத்தை வைக்கச் சக்கரம் தேடினாள்; வண்டிக்குச் சக்கரமே இல்லை என்றதும் இதெல்லாம் ஒரு வண்டியா என்று அவளுக்கும் ஒரு சந்தேகம் வந்தது. அவள் கைப்பிடியில் போட்ட மாலையை திவ்யா கழற்றித் தென்னை மரத்தில் மாட்டினாள். அடியில் தண்ணீரை உறிஞ்சும் துவாரம் இருக்கிறது, மாலையின் வாழைநார் உள்ளே போனால் எஞ்சின் நின்றுவிடும் என்று விளக்கினாள். நயினார் படித்துறையின் மேல்படியில் குடையோடு நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவரே வந்திருந்தார்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று கக்கா என்கிற சிப்பி அள்ளிக்கொண்டிருந்த ஜெபமலர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். குளச்சல் பக்கத்திலிருந்து இந்தக் கரைக்கு வாக்கப்பட்டு வந்தவள். அண்ணாச்சி குடும்பத்தைத் தெரியும்.

திவ்யா வண்டியைத் தண்ணீரில் தள்ளி, விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, வயிற்றால் ஏறி முடுக்கினாள். எழுந்தாள், விழுந்தாள். மறுபடியும் எழுந்து, மறுபடியும் விழுந்தாள். நான்காவது தடவை முழங்காலிலிருந்து பாதத்துக்கு வந்து, கால் நடுங்க, பிறகு நடுங்காமல், நேராக நின்றாள். நீல வண்டி அவளைத் தாங்கிக்கொண்டு காயலின் நடுவுக்குப் போயிற்று. ஒரு பெரிய வளைவு வளைந்து, நின்றபடியே கரைக்குத் திரும்பி வந்தாள். அவளுக்குச் சிரிப்பாக வந்தது, சந்தோஷம் தாங்கவில்லை.

"பிள்ள நல்லாத்தானே ஓட்டுது, அண்ணாச்சி," என்றாள் ஜெபமலர்.

அவ்வளவுதான், ஒரு வாரமாக அடைத்துக் கிடந்த வாய் திறந்துகொண்டது. இதெல்லாம் ஒரு ஓட்டா என்றார் நயினார். தவளை மாதிரிக் குந்திக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றார். வண்டியா இது, சவப்பெட்டிக்குக் கைப்பிடி வைத்திருக்கிறான் என்றார். வைதுகொண்டே ஒரு படி இறங்கினார். எழவு, இந்த நீலப் பெயின்டைப் பார்த்தாலே கண் வலிக்கிறது என்று இன்னொரு படி இறங்கினார். வேட்டி நனைந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று, வைவதை நிறுத்தாமல், வண்டியின் கைப்பிடியைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை.

பகவதியம்மாள் அந்தக் கையையே பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் பிடித்த எந்தச் சரக்கையும் தொட்டு அவள் கண்டதில்லை.

வசவு தானாகவே தேய்ந்து நின்றது. நயினார் மகளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த நாகர்கோயில் பையன். நல்ல பையன்தான்."

தூக்கிவைத்துப் பேசும்போது வரும் குரல் அல்ல அது. விலை குறைக்கும் குரலும் அல்ல. அவர் அப்படிப் பேசி திவ்யா கேட்டதே இல்லை. ஈரத் தலையிலிருந்து தண்ணீர் கண்ணுக்குள் வழிந்தது, துடைத்துக்கொண்டாள். சுந்தரராமனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவனுக்கு நீந்தத் தெரியுமோ தெரியாதோ.

"அத அன்னைக்குச் சொல்லிருக்கணும்ப்பா," என்றாள்.

"ஆமா மக்ளே," என்றார்.

அதற்குமேல் கேட்க அவள் காத்திருக்கவில்லை. கயிறு மணிக்கட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"கைய எடுங்க. நான் போணும்."

அவர் கையை எடுத்தார். திவ்யா வண்டியைத் திருப்பி, வயிற்றால் ஏறி முடுக்கினாள். இந்தத் தடவை விழாமல் முதலிலேயே எழுந்து நின்றாள்; திரும்பிப் பார்க்காமல் அக்கரையை நோக்கிப் போனாள்.